டீசரில் என் குரலைத் தேடிய குடும்பம்

கார்ட்டூன் படத்தின் இரண்டாம் பாகத்துக்கு டீசர் எப்படி இருக்க வேண்டும் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கதையைச் சொல்லவே கூடாது. முதல் பாகத்தில் பிள்ளைகள் கொண்டாடிய ஆளைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். "நம்ம ஆளு!" என்று அவர்கள் கத்தி முடிக்கும்வரை அவனைச் சும்மா நிற்க வைக்க வேண்டும். கடைசியில் புதிதாக ஒரே ஒரு சங்கதி, அதுவும் பாதி. மீதி என்ன என்று தெரியாமல் பிள்ளைகள் பெற்றவர்களைத் தூங்க விடமாட்டார்கள். இவ்வளவு தெரிந்த நான், அதே வித்தையைச் சொந்த வீட்டில் காட்டப்போய் மூக்கறுபட்டேன்.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. கால் சென்டர் வேலையை உதறிவிட்டு, மும்பை அந்தேரியில் டப்பிங் ஸ்டுடியோ வாசல்களில் காத்திருந்தேன். (வாய்ப்புக்காக என்று நான் சொல்வேன், வெட்டியாக என்று அப்பா சொல்வார்.) மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் எங்கள் வீடு. அப்பாவுக்குத் தகரப் பட்டறை. பேச்சும் தகரம் வெட்டின மாதிரிதான் இருக்கும்.

"ஏட்டி, ஆறு மாசம் ஆச்சு. பழைய ஆபீஸ்ல திரும்பக் கூப்புடுதான்லா? திங்கக்கெழமைக்குள்ள ஒன் கொரல சினிமால ஒருதடவ கேட்டேன்னா நான் வாயத் தெறக்க மாட்டேன். இல்லன்னா பேசாம வேலைக்குப் போயிரணும்."

நான் பயப்படவில்லை. லோக்கல் ரயிலில் ஏறி ஊரைக் கலக்கும் எருமையைப் பற்றி மும்பையிலேயே எடுத்த இந்திக் கார்ட்டூன் படம் ஒன்று சக்கைப்போடு போட்டிருந்தது. அதன் இரண்டாம் பாகத்து டீசரில் என் குரல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சயான் பக்கத்துத் தியேட்டரில், வேறொரு படத்துக்கு முன்னால் அதைப் போடுகிறார்கள்.

"என்ன வேசம்ட்டி, எருமையா?" என்று கேட்டாள் அத்தை. அப்பாவின் அக்கா, தாராவியிலிருந்து இதற்காகவே வந்திருந்தாள்.

"ரகசியம் அத்த. கேட்டா நீங்களே எந்திரிச்சு நிப்பீங்க, பாருங்க!" என்றேன். (இது மட்டும் அப்படியே பலித்தது.)

நான், அம்மா, அப்பா, அத்தை என்று வரிசையாக உட்கார்ந்தோம். வாசலில் செக்யூரிட்டி கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு அத்தை ஒரு தண்ணீர் பாட்டிலும் கொண்டுவந்திருந்தாள்.

விளக்கு அணைந்தது. திரையில் பிளாட்பாரம், எருமை வந்து நின்றது. தியேட்டரே அலறியது. கொம்பில் ஒரு காக்கா உட்கார்ந்தது. வேறொன்றும் நடக்கவில்லை. பிறகு திரை இருண்டது. ஒரே நிசப்தம்.

அந்த இருட்டில் ஒரு பெரிய விக்கல்.

அதுதான் நான். கண்ணில் படாத கன்றுக்குட்டிக்கு மொத்தம் இரண்டு விக்கல். சின்ன உயிரிடமிருந்து பெரிய சத்தம் வரவேண்டும் என்று கேட்டிருந்தார்கள். காய்ந்த சட்னியோடு வடாபாவை அள்ளிப் போட்டுக்கொண்டு அப்பா அடிவயிற்றிலிருந்து விக்குவாரே, அதை அப்படியே விக்கிவிட்டு வந்திருந்தேன். சத்தம் திரைப் பக்கமிருந்து வராமல் எங்களுக்குப் பின்னாலிருந்த ஸ்பீக்கரில் வந்தது.

"ஏல தம்பி!" அத்தை துள்ளி எழுந்தாள். அப்பாவின் உச்சந்தலையில் பொத்தென்று ஒரு அடி. "தண்ணியக் குடில! யாரோ நெனைக்காவ!"

"அக்கா, நான் இல்ல..."

வாயைத் திறந்ததுதான் தாமதம், பாட்டில் உள்ளே போய்விட்டது. இரண்டாவது விக்கல் வந்தது. இரண்டாவது அடியும் விழுந்தது. "ஐயோ, இவியளுக்கு என்ன ஆச்சு!" என்று அம்மாவும் எழுந்து முதுகைத் தடவ, "அரே ஆன்ட்டி, பைட் ஜாவோ!" என்று உட்காரச் சொல்லிப் பின்வரிசையே கத்தியது. திரையில் மறுபடி வெளிச்சம் வந்து, எருமைக்குப் பின்னாலிருந்து ஒரு குட்டிக் காது எட்டிப்பார்த்ததை எங்கள் வீட்டில் யாருமே பார்க்கவில்லை.

டீசர் முடிந்தது. நனைந்த சட்டையோடு அப்பா என் பக்கம் எட்டிப்பார்த்தார்.

"ஒன் கொரல் எப்பட்டி வரும்?"

"வந்துட்டுப்பா."

"எப்ப?"

"அத்த ஒங்கள அடிச்சாவல்லா, அப்ப."

நான் சீட்டுக்குள் புதைந்தேன். ஆறு மாதத்துக்கு இரண்டு விக்கல், ஒரு வார்த்தைகூட இல்லை. வெட்கத்தில் காது சுட்டது. அடுத்து ஓடிய படம் என்னவென்றே தெரியாது. கால் சென்டர் ஹெட்போன்தான் கண்ணுக்குள் நின்றது.

இடைவேளையில் பாப்கார்ன் வரிசையில் நின்ற வாண்டுகள் எல்லாம் ஒன்றைப் பார்த்து ஒன்று விக்கிக்கொண்டிருந்தன. எருமைக்குப் பின்னால் இருந்தது யார் என்று அம்மாக்களைத் துளைத்துக்கொண்டும் இருந்தன. அப்பா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி வெகுநேரம் வேடிக்கை பார்த்தார்.

"அம்பது வருசமா எங் கூடப் பொறந்தவ. என் விக்கல் எது, அடுத்தவன் விக்கல் எதுன்னு அவளுக்குத் தெரியாதா? அவளையே ஏமாத்திட்டியேட்டி!" என்றார். பிறகு, பாப்கார்ன் கடையைப் பார்த்தபடியே, "அந்த ஆபீஸ்காரன்ட்ட வரலன்னு சொல்லிரு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதற்குப்பின் நான் எத்தனையோ படங்களுக்குப் பேசிவிட்டேன். ஆனால் எங்கள் வீட்டில் இன்றுவரை யார் விக்கினாலும் ஒருவரும் தண்ணீர் எடுப்பதில்லை. எல்லோரும் திரும்பி என்னைத்தான் பார்ப்பார்கள். போன மாதம் சாப்பிடும்போது அப்பா விக்கினார். அத்தை தட்டிலிருந்து தலையை எடுக்கவே இல்லை.

"சும்மா கெடட்டி. இந்தத் தடவ நான் ஏமாற மாட்டேன்" என்றாள் என்னிடம்.

அப்பா கண்ணில் நீர் முட்ட, சொம்பைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"அக்கா, சத்தியமா இது நான்தாங்கா!"