ஏழு பேர் கொண்ட குழு

ஏற்கெனவே பார்த்த படத்தை, பார்க்காதவன் முகத்தோடு மறுபடி பார்ப்பது எப்படி என்று எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தருவதில்லை. நான் சொந்த முயற்சியில் கற்றுக்கொண்டேன். பரீட்சை நடந்த இடம் கேளம்பாக்கம். பேப்பர் திருத்தியது என் மனைவி சியாமளா.

வெள்ளிக்கிழமை சியாமளாவின் தம்பி ஆதித்யாவுக்குத் திருப்போரூரில் புது வீட்டுக் கிரகப்பிரவேசம். அதே வெள்ளிக்கிழமை கேளம்பாக்கம் தியேட்டரில் அந்தப் படம் ரிலீஸ். ஏழு சூப்பர் ஹீரோக்கள், ஏழு மொழியின் ஏழு பெரிய நடிகர்கள், ஒரே படம். நானும் ஆபீஸ் நண்பன் பாலாவும் ஒன்றரை வருஷமாகக் காத்திருந்தோம். நாள் குறித்த ஜோசியர் சினிமா விளம்பரமே பார்ப்பதில்லை போலிருக்கிறது.

வியாழக்கிழமை சாயந்திரம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கல்பாக்கம் குடியிருப்பில் இருக்கும் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தேன்.

"நாளைக்கு ஆபீஸ்ல ஏழு பேர் கொண்ட குழு வருது சியாமளா. நான் இருந்தே ஆகணும்."

"எங்கேர்ந்து?"

"பல ஊர்லேர்ந்து."

கவனியுங்கள். 'ஆபீஸ்' என்கிற ஒரு வார்த்தையைத் தவிர இதில் பொய்யே கிடையாது.

"ஆதித்யா வருத்தப்படுவான்" என்றாள். மறுநாள் எங்கள் பெண் சஹானாவைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் திருப்போரூர் போனாள். நான் பாலாவின் பைக்கில், திருப்போரூர் பக்கமே தலைகாட்டாமல், கோவளம் சுற்றிக் கேளம்பாக்கம் போனேன். படம் பார்த்தேன். விசில்கூட அடித்தேன்.

சனிக்கிழமை காலையில் ஆதித்யாவே வீட்டுக்கு வந்துவிட்டான். ஒரு கையில் எனக்கு எடுத்த வேட்டி சட்டை. இன்னொரு கையில் தூக்கு நிறைய பாயசம்.

"உங்களுக்குப் போட்ட இலையை கடைசிப் பந்தி வரைக்கும் எடுக்க விடல மாமா. அந்தக் குழு சீக்கிரம் கிளம்பிட்டா வந்துடுவீங்கன்னு பார்த்தேன்."

அங்கே என் இலை காத்திருந்த நேரத்தில் நான் கேளம்பாக்கத்தில் பாப்கார்னுக்கு வரிசையில் நின்றிருக்கிறேன். உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. ஆனால் சொல்ல வாய் வரவில்லை. கூடப் பிறந்த அண்ணன் மாதிரி என்னை நினைக்கிற பையன். சொல்லிவிட்டால் அதோடு அந்த மரியாதை போச்சு.

"அடுத்த ஞாயித்துக்கிழமை செங்கல்பட்டு வாடகை வீட்டைக் காலி பண்றேன் மாமா. மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. சாமான் இறக்கத்தான் ஆள் கிடைக்கல."

"எனக்கும் ஒரு வாரமா இடுப்பு வலிப்பா" என்றேன் அவசரமாக.

"சேச்சே, நீங்க ஏன்? உங்களுக்கு விருந்துதான் போட முடியல. அதான் நாளைக்கு மேட்னிக்கு நாலு டிக்கெட் எடுத்துட்டேன். அந்த ஏழு ஹீரோ படம். உங்களுக்கு அதுன்னா உயிராமே? அக்காதான் சொன்னா."

பாயசம் புரையேறியது. சியாமளா தண்ணீர் கொடுத்தாள்.

"நீங்க இன்னும் பார்க்கலையே?"

"நான் எங்க பார்க்கறது? அதான் குழு…"

"ஆமாமா. குழு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆதித்யாவின் காரில் கிளம்பினோம். எக்காரணம் கொண்டும் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். நெம்மேலி வரைக்கும் திறக்கவில்லை.

"அப்பா, இங்க என்ன பண்றாங்க?" சஹானா அந்தப் பெரிய குழாய்களைக் காட்டினாள்.

"கடல் தண்ணியைக் குடிதண்ணியா மாத்தறாங்கம்மா. அந்த வில்லனும் கடலை உறிஞ்சி…"

"எந்த வில்லன்?" சியாமளாவின் குரல் பின் சீட்டிலிருந்து வந்தது.

"பொதுவா. வில்லன்கள்."

கேளம்பாக்கத்தில் காரை விட்டு இறங்கியதும் வாகன நிறுத்தத்தில் விசிலோடு நின்றவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். சட்டைப் பையில் தமிழ்வாணன் என்று பெயர் அட்டை.

"இன்னா அண்ணாத்த, வெள்ளிக்கெயமதான் பாத்துகினு போன? மறுபடியுமா? படம் அவ்ளோ நல்லா கீதா?"

தெரியாதவன்போல் அவரைப் பார்த்தேன். "யாருங்க நீங்க?"

"இன்னா பேஜாரு பண்ற? பைக்ல வந்தியே, கூட ஒரு கண்ணாடிக்காரரு…"

"ஒரே மாதிரி ஏழு பேர் இருப்பாங்கம்பாங்க இல்ல? அதுல ஒருத்தரா இருக்கும்" என்று ஆதித்யாவைப் பார்த்துச் சொன்னேன்.

"இங்கயும் ஏழு பேரா?" என்றாள் சியாமளா. என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

உள்ளே சியாமளாதான் இடம் பிரித்தாள். ஓரத்தில் நான், எனக்குப் பக்கத்தில் சஹானா, அப்புறம் சியாமளா, கடைசியில் ஆதித்யா. நடுவில் ஒரு குழந்தை வந்தது நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் பாதியில் என் நடிப்பு திரையில் இருந்த ஏழு பேரையும் தூக்கிச் சாப்பிட்டது. தெரிந்த ஜோக்குக்கு அப்போதுதான் கேட்டவன்போல் சிரித்தேன். நெருப்புக்காரன் செத்துப்போனான் என்று எல்லோரும் நம்பிய இடத்தில், அவன் சாகவில்லை என்று தெரிந்திருந்தும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இடைவேளைக்குப் பிறகுதான் சோதனை. இந்தப் படத்தின் பலம், ஏழு பேரும் ஒன்றுசேர்கிற கடைசி அரைமணி. பலவீனம், அதற்கு முன்னால் கல் உடம்புக்காரன் தன் அம்மாவை நினைத்து இருபத்திரண்டு நிமிஷம் அழுவது. வெள்ளிக்கிழமை அந்த நேரத்தில் போய் டீ குடித்துவிட்டு வந்தேன். இப்போதும் அம்மா பாட்டு தொடங்கியதும் என் கால்கள் தாமாக எழுந்தன.

"எங்க கிளம்பிட்டீங்க? கதையே இப்பதான ஆரம்பிக்குது?" என்றாள் சியாமளா.

"வேட்டியைச் சரி பண்ணேன்."

உட்கார்ந்தேன். இருபத்திரண்டு நிமிஷமும் அழுதேன். கல்லுக்காரனுக்காக அல்ல.

அடுத்து அந்தக் காட்சி வந்தது. குழந்தை தொட்டிலில் தூங்குகிறது. சத்தமே இல்லை. ஜன்னல் திரை லேசாக ஆடுகிறது. அடுத்த விநாடி கட்டடமே வெடிக்கும். வெள்ளிக்கிழமை பாலாவின் பாப்கார்ன் முன் சீட்டுக்காரர் தலையில் கொட்டியது அந்த இடத்தில்தான்.

சஹானா தீபாவளி வெடிக்கே பீரோவுக்குப் பின்னால் ஒளிகிற குழந்தை. எட்டு வயசு. ஒன்றும் தெரியாமல் கன்னத்தில் கை வைத்துத் தொட்டிலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அசையாதே சுப்புராமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஜன்னல் திரை ஆடியது. அசைந்தால் தொலைந்தாய். திரை இன்னொரு தடவை ஆடியது.

என் இரண்டு கையும் போய் அவள் காதைப் பொத்திக்கொண்டன. அதற்கப்புறம்தான் வெடித்தது.

தியேட்டரே அலறியது. மெதுவாகத் திரும்பினேன். சியாமளா திரையைப் பார்க்கவில்லை. என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படம் முடிந்து வெளியே வந்தோம். ஆதித்யா சஹானாவுக்கு ஐஸ்கிரீம் வாங்கப் போனான். நானும் சியாமளாவும் மட்டும் படியில் நின்றோம்.

"படம் எப்படி?" என்றாள்.

"பரவால்ல. டீம் ஒர்க் நல்லா இருந்தது."

"எனக்கு ஒண்ணு ரொம்பப் பிடிச்சுது. ஏழு பேருக்கும் பலம் ஏழு விதம். ஆனா ஆளுக்கு ஒரே ஒரு பலவீனம். அது தெரிஞ்சா போதும்."

"ஆமாமா."

"உங்களோடது எனக்குத் தெரியும். அதான் சஹானாவை உங்க பக்கத்துல உட்கார வெச்சேன்."

காலுக்குக் கீழே படி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். "எப்ப கண்டுபிடிச்ச?"

"வெள்ளிக்கிழமை காலையில. திருப்போரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல பெரிய போஸ்டர். ஏழு பேர் கையைக் கட்டிக்கிட்டு வரிசையா நிக்கறாங்க. நல்ல குழுதான்னு நினைச்சுக்கிட்டேன்."

"ஆதித்யாவுக்கு?"

"இன்னும் சொல்லல." ஐஸ்கிரீமோடு வந்துகொண்டிருந்தவர்களைப் பார்த்தாள். "நீங்க இலையில உட்காரலைன்னு அவனும் சாப்பிடாம கிடந்தான், தெரியுமா? நாலு மணிக்குத்தான் சாப்பிட்டான். சொல்லிடவா?"

தெரியாது. அதைக் கேட்டதும் இடுப்பு, முதுகு, மானம் எல்லாம் மறந்துபோயிற்று.

"ஆதித்யா!" என்று கத்தினேன். "அடுத்த ஞாயித்துக்கிழமை செங்கல்பட்டுக்கு நான் வரேம்பா. பீரோ, கட்டில், கிரைண்டர் எல்லாத்தையும் நானே இறக்கறேன்."

ஆதித்யாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "வேண்டாம் மாமா. இடுப்பு வலியோட நீங்க ஒருத்தர் எப்படி?"

"ஒருத்தரா?" என்றாள் சியாமளா. "அந்த ஏழு பேர் கொண்ட குழுவையும் மாமா கையோட கூட்டிட்டு வருவார்டா. எல்லாரும் நல்ல பலசாலிங்க."