சம்பந்திக்கு வைத்திருந்த வெற்றிலை

திருமழபாடி

அன்புள்ள உண்ணாமலை அக்காவுக்கு, தம்பி அரங்கநாதன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் ஒருவன் நீங்கலாக, பசுமாடு, பம்புசெட் உட்பட எல்லோரும் நலம். மாமாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று தெரிவிக்கவும். போனில் சொன்னால் நடுவிலேயே திட்டுவாய் என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

நம் மேகலாவுக்கு நீ பார்த்துச் சொன்ன பெரம்பலூர் மாப்பிள்ளை பிரசாத் தங்கமான பையன். அவன் அப்பா கலையரசன் சார்தான் பிரச்சினை. ரிட்டயர்டு வாத்தியார், பழைய ஊர்களைப் பார்க்க ஆட்களைக் கூட்டிக்கொண்டு சுற்றுபவர். "ஆடு மாடுங்க மேய்ச்சலுக்குப் போன பழைய தடத்துல ஒரு டூர் போறோம் சம்பந்தி, நீங்களும் வாங்க. சாயந்தரம் எங்க வூட்ல வெத்தில பாக்கு மாத்தி முடிவு பண்ணிக்கலாம்" என்றார். நானும் வெற்றிலை, பாக்கு, பழம் எல்லாம் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வேனில் ஏறினேன். கிளம்பும்போது மேகலா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, அங்க போயி மண்ணு, எருன்னு ஆரம்பிச்சுடாதீங்க" என்றாள். அவளுக்கு அந்தப் பையனை ரொம்பப் பிடித்திருக்கிறது அக்கா.

முதலில் ஒரு மேடு. சார் ஒரு பானை ஓட்டை எடுத்து, அந்தக் காலத்தில் இங்கே பெரிய ஊர் இருந்தது என்று கண் கலங்கப் பேசினார். எல்லோரும் ஓட்டைப் பார்க்க, நான் மண்ணை அள்ளி முகர்ந்து, "கடலைக்கு நல்லா வரும் சார்" என்றேன், யாரும் சிரிக்கவில்லை. பிறகு பச்சைமலை மேலே ஒரு சின்ன ஊர். ஏறியதில் வேர்த்துக் கொட்டியது, துண்டைப் பிழிந்து அங்கே நின்ற கல்லின் மேல் காயப் போட்டேன். அது மாட்டை மீட்கப் போய்ச் செத்த வீரனுக்கு வைத்த நடுகல்லாம். ஊர்க்காரம்மா ஒருத்தி, "சாமி தலையிலயா துண்டு காயப்போடுறீங்க?" என்று பிடித்துக்கொள்ள, சார்தான் மன்னிப்புக் கேட்டுக் கற்பூரம் ஏற்றினார். அப்போதும் என்னைச் சம்பந்தி என்றுதான் கூப்பிட்டார்.

மலையிறங்கும்போதுதான் வினை. ஏரிக்கரையில் கண்ணுக்கெட்டிய மட்டும் செம்மறி ஆடு, ராமநாதபுரத்திலிருந்து மேய்ச்சலுக்கு வந்த கிடை. ராத்திரி வயலில் ஆட்டை மடக்கினால் அது போடும் எருவில் ஒரு போகத்துக்கு யூரியாவே வேண்டாம், உனக்குத் தெரியாததா? ஒரு கிடை கிடைக்காதா என்று போன வருஷத்திலிருந்து நாயாய் அலைகிறேன். வேனை நிறுத்தச் சொல்லி ஓடினேன். ஆட்டுக்காரர் வைரக்கண்ணு, "நெறைய பேரு கேக்குறாங்க. யாரு மொதல்ல வெத்தில பாக்கு வைக்கிறாங்களோ, அவங்க வயலுக்குத்தாங்க" என்றார். அவ்வளவுதான், என் கை தானாக மஞ்சள் பைக்குள் போய்விட்டது. கொடுத்துவிட்டுத் திரும்பினால் பின்னால் சார் நிற்கிறார், முகம் மிளகாய்ப் பழமாக. "அந்த வெத்திலையப் போயி இவருகிட்ட குடுத்துட்டீங்களே! இனிமே நமக்குள்ள பேச்சே இல்ல" என்று வேனில் ஏறிப் போயே போய்விட்டார். நான் பஸ் பிடித்து வீடு வந்தேன். நடந்ததை மேகலாவிடம் சொன்னேன். தட்டில் சோறு வருகிறது, மகளைக் காணோம். பெற்ற மனம் படுகிற பாட்டை என்னவென்று எழுத?

ஆகவே வேறு மாப்பிள்ளை பார். படிப்பு, வேலை முன்னே பின்னே இருக்கட்டும். ஒரு ஆட்டைக் கண்டால் அதன் அருமை தெரிகிற சம்பந்தியாக இருந்தால் போதும்.

மாமாவுக்கு என் வணக்கம், பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் இருக்க மதுரகாளியம்மன் துணையிருப்பாள்.

உன் தம்பி,
அரங்கநாதன்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே. கவரை ஒட்டுவதற்குள் கலையரசன் சாரே வாசலில் வந்து நிற்கிறார். "என் நெலம் சத்தே இல்லாம வெளுத்துக் கெடக்கு சம்பந்தி. ஆட்டுக்காரரத் தேடி வாத்தியாரு அலையுறாருன்னு ஊரு சிரிக்குமேன்னுதான் அந்த டூரே போட்டேன். என் பையிலயும் வெத்தில இருந்துச்சு, நீங்க முந்திட்டீங்க!" என்று ஒப்புக்கொள்கிறார். பெண்ணைக் கொடுக்கிறேன் என்று அந்த நிமிஷமே சொல்லிவிட்டேன் அக்கா. கிடை முதலில் யார் வயலுக்கு என்பதைத்தான் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.