மேடைக்கு மட்டும் கண்ணீர்

நாடகக் கொட்டகைக்குள் மட்டுமே மனம் இளகும் மனித இனம் ஒன்று உண்டு. கொட்டகைக் கருணையர் என்று அதற்கு நானே பெயர் வைத்திருக்கிறேன். தெருவில் பார்த்தால் அடையாளம் தெரியாது. நம்மைப் போலவே குடை பிடித்துக்கொண்டு, முகம் துடைத்துக்கொண்டு, ஒழுங்காக நடமாடுவார்கள். திரை உயர வேண்டும். அப்புறம் பாருங்கள்.

எனக்குத் தெரிந்த கருணையர் ஒருவர், ஓய்வுபெற்ற வங்கி மானேஜர், மாடி அறையை வாடகைக்கு விட்டிருப்பவர். பழைய சோக நாடகம் ஒன்றை ஆண்டுதோறும் பார்த்தே தீருவார். பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்த குடும்பத்தின் கதை அது. கடைசிக் காட்சியில் ஊரிலிருந்து வந்த தம்பி கதவைத் தட்டுவான். இருக்கிற வாய்களுக்கே வழியில்லை என்று அண்ணன் திறக்க மாட்டான். தம்பி வாசலிலேயே குளிரில் விறைத்துச் சாவான். நம்மவரோ, அவன் தட்டுவதற்கு முன்பே கைக்குட்டையை உருவி, பக்கத்து இருக்கைக்காரரிடம் இப்போது தட்டுவான் என்று எச்சரித்து, மூக்கைச் சிந்தி, "திறடா பாவி" என்று முணுமுணுத்து, நடிகருக்கு வசனம் மறந்துபோகும் அளவுக்கு விம்முவார். அழுகையில் வஞ்சனையே கிடையாது.

இந்த ஆண்டு நாடகம் பார்த்துவிட்டு வந்த மறுநாள், மாடியில் குடியிருக்கும், வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே ரொட்டிக்கடையில் வேலை செய்பவரின் தம்பி பெட்டியோடு வந்து இறங்கினான். வேலை கிடைக்கும்வரை அண்ணன் குடும்பத்தோடு தங்கட்டும் என்று கேட்டார்கள். கருணையர் என்ன செய்தார்? வாடகை பேசியது மூன்று பேருக்குத்தானே, தண்ணீர் எங்கே கட்டுப்படியாகும், மாடிப்படி தேயாதா என்று நியாயங்களை அடுக்கி, தம்பி போக வேண்டும், இல்லாவிட்டால் எல்லோருமே காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார். அவர்கள் தம்பியைக் கைவிடவில்லை. மூட்டை கட்டினார்கள்.

கருணையரின் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"நாடகத்துல அந்த அண்ணன் கதவைத் திறக்கலை, அவ்வளவுதான். நீங்க திறந்து வெளியில அனுப்புறீங்க."

"அது நாடகம், அழாம இருக்க முடியுமா? இது வீடு."

ஆனாலும் ஈர நெஞ்சம் அல்லவா, சும்மா இருக்குமா? வாசலில் மூட்டைகளோடு நின்ற ரொட்டிக்காரரிடம் நாடக டிக்கெட் ஒன்றை நீட்டி, உங்களைப் போன்றவர்களின் கதைதான், அவசியம் பாருங்கள் என்றார்.

"வேண்டாங்க. எங்களுக்குக் கதை தெரியும்," என்றார் அவர்.

அடப் பாவமே என்று நீங்களும் இப்போது உச்சுக் கொட்டினீர்கள்தானே? ரொம்ப சந்தோஷம். அந்தக் குடும்பம் இன்னும் வீடு தேடிக்கொண்டுதான் இருக்கிறது. உங்கள் வீட்டில் பின்கட்டு அறை சும்மாதானே கிடக்கிறது, நாளைக்கே வரச் சொல்லட்டுமா? என்ன, அதற்குள் எழுந்துவிட்டீர்கள்?