பருத்திப்பட்டுக்கு முந்நூறு ஜாம்பிகளுடன்

‘எனக்குத் தெரியாது’ என்ற இரண்டு சொற்களும் சேர்ந்தாற்போல் என் வாயிலிருந்து முப்பத்தொரு வயதுவரை வெளிவந்ததே இல்லை. அதிலும் வழி விஷயத்தில் சுத்தமாக இல்லை. கரூரிலிருந்து அம்பத்தூருக்கு வேலைக்கு வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தபோது, ஸ்கூட்டரில் வந்த ஒருவர் என்னிடம் திருமுல்லைவாயிலுக்கு வழி கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டு நடந்திருக்கலாம். நானோ கையை நீட்டி, “நேராப் போயி ரெண்டாவது லெஃப்டுங்க” என்றேன். (அவர் எந்த ஊரில் இருந்தாலும் என்னை மன்னிக்க வேண்டும்.)

இந்த வியாதி கடைசியில் என் கல்யாணத்தையே ஜாம்பிகளுக்குத் தின்னக் கொடுக்கப் பார்த்தது.

சுகன்யாவைப் பெண் பார்க்க நானும் என் வீட்டாரும் ஆவடிப் பக்கத்துப் பருத்திப்பட்டுக்குப் போனோம். பஜ்ஜி, காபி, ஜாதகப் பேச்சு எல்லாம் முடிந்தபின், “ரெண்டு பேரும் மொட்டை மாடியில பேசிட்டு வாங்க” என்று அனுப்பிவைத்தார்கள். தூரத்தில் ஏரி பளபளத்தது. ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலை பார்க்கும் பெண் அவள். சுற்றி வளைக்காமல் பேசினாள்.

“ஒன்னு முன்னாடியே சொல்லிடுறேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம் என்னை எங்கயும் கூப்பிடக் கூடாது. நாங்க வீட்ல கேம் ஆடுவோம். ஜாம்பி கேம். அப்பா, அம்மா, நான், மூணு பேருமே.”

“அட, நானும் ஆடுவேனுங்க!” என்றேன்.

(இந்த இடத்தில் என்னை யாராவது மாடியிலிருந்து தள்ளிவிட்டிருக்க வேண்டும்.)

“நிஜமாவா? எவ்ளோ நாளா?”

“சின்ன வயசுலேர்ந்தே. நீங்க இப்ப எத்தனாவது லெவல்ல இருக்கீங்க?”

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு, “அப்போ இந்த ஞாயிறு எங்ககூட வாங்க, ஆடலாம். அப்புறம் அப்பா முடிவு சொல்லுவாரு” என்றாள்.

அலுவலகத்தில் நான்கு நாள் சாப்பாட்டு வேளை முழுக்க அந்த விளையாட்டைப் பற்றிய வீடியோக்களைப் பார்த்தேன். புரிந்தது இவ்வளவுதான்: ஊரெல்லாம் ஜாம்பிகள், அதாவது நடமாடும் பிணங்கள். நாம் மேலிருந்து பார்க்கிறோம், திரையின் மேல்பக்கம் வடக்கு. சத்தம் போட்டால் ஜாம்பிகள் வரும், கடித்தால் ஆள் காலி. இதற்குமேல் என்ன வேண்டும் என்று தைரியமாக ஹெட்செட் ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு, ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு அம்பத்தூரில் என் அறையில் உட்கார்ந்தேன். அவர்கள் பருத்திப்பட்டில், அவர்கள் வீட்டு ஹாலில்.

“இன்னா தம்பி, கேக்குதா?” என்று காதில் ஒரு குரல் அதிர்ந்தது. சுகன்யாவின் அப்பா ஏகாம்பரம். முப்பது வருடம் மாநகரத்தின் மேற்குப் பக்கம் முழுக்கப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். ஓய்வுக்குப்பின் கை அரித்ததாம். மகள் விளையாடும்போது அதில் வண்டி ஓட்டலாம் என்று பார்த்து, ஒரு கணினி வாங்கி உட்கார்ந்துவிட்டார். சுகன்யாவின் அம்மாவான அத்தைக்கு (அப்போது எனக்கு ‘ஆன்ட்டி’) ஜாம்பிகளைப் பற்றி எந்த அபிப்பிராயமும் கிடையாது. விளையாட்டில் தோட்டம் போடலாம் என்று கேள்விப்பட்டதும், “மாடியில வெச்சதெல்லாம் வெயில்ல கருகுது, இங்கன்னா தண்ணி ஊத்தினா வளருது” என்று அவரும் வந்து சேர்ந்தார். கணவரும் மகளும் ஜாம்பிகளைக் கோடாலியால் வெட்டிக்கொண்டிருக்கையில் அவர் முட்டைக்கோசுக்குக் களை எடுத்துக்கொண்டிருப்பார்.

விளையாட்டில் இருந்த ஊர்களுக்கெல்லாம் வாயில் நுழையாத வெளிநாட்டுப் பெயர்கள். ஏகாம்பரம் அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தன் ரூட்டில் இருந்த பெயர்களையே வைத்துவிட்டார். கிடங்குகள் இருந்த இடம் பூந்தமல்லி. தொழிற்சாலைகள் இருந்த இடம் அம்பத்தூர் எஸ்டேட். பெரிய ஏரி செம்பரம்பாக்கம். அவர்கள் வேலி போட்டுக் குடியிருந்த பண்ணை வீடு, வேறென்ன, பருத்திப்பட்டு.

அன்றைக்கு வேலை சுலபமானது. ஆட்டத்தில் பனிக்காலம் வரப்போகிறது. அதற்காக மூவரும் மூன்று மாதம் ஞாயிறுதோறும் அலைந்து சேர்த்த அரிசி, டின் மீன், மருந்து, பெட்ரோல் எல்லாம் பூந்தமல்லி கிடங்கில் இருந்தன. இரண்டு வண்டிகளில் ஏற்றினோம். முதல் வண்டியை அப்பாவும் மகளும் எடுத்தார்கள். பெரும்பகுதி சாப்பாடு இருந்த வேனை என்னிடம் கொடுத்தார்கள்.

“என் பின்னாடியே வாங்க தம்பி.”

“சரிங்க சார்.”

கிளம்பினேன். பின்பக்கமாகக் கிளம்பினேன். கேட்டை இடித்து, அதிலிருந்து வண்டியைப் பிய்த்தெடுத்து நிமிர்ந்தபோது, முன்னால் போன வண்டி கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. விளையாட்டின் வரைபடத்தைத் திறந்தேன். நாம் போன இடம் மட்டும்தான் அதில் தெரியும், மீதி இருட்டு. நான் போயிருந்தது ஒரு கிடங்குக்கு. ஒரு கிடங்கு தெரிந்தது.

“இன்னா தம்பி, வண்டியக் காணோம்?”

“வந்துட்டே இருக்கேனுங்க.”

“வழி தெரியும்ல?”

சொல்லியிருக்கலாம். தெரியாது என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். “தெரியுமே சார்!” என்றேன்.

“அம்பத்தூர் எஸ்டேட் வழியா வந்துடு. பேக்டரிங்களத் தாண்டி லெப்ட் அடிச்சா நம்ம ஊடு.”

அப்போதுதான் எனக்கு அந்த அபாரமான யோசனை தோன்றியது. கைபேசியை எடுத்தேன். வரைபடத்தைத் திறந்தேன். விளையாட்டின் வரைபடத்தை அல்ல. நிஜ உலகத்தின் வரைபடத்தை. பூந்தமல்லியிலிருந்து பருத்திப்பட்டு என்று போட்டேன். நேர் வடக்கே, ஆவடி சாலையில் ஒரே கோடு! அம்பத்தூர் பக்கமே போக வேண்டியதில்லை. முப்பது வருடம் பேருந்து ஓட்டிய மனிதர் எதற்கு இப்படித் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறார்? குறுக்கு வழியில் போய், அவருக்கு முன்னால் வீட்டு வாசலில் நின்று, ‘என்ன சார் இவ்வளவு லேட்டு?’ என்று கேட்டால் எப்படி இருக்கும்?

வேனை வடக்கே விட்டேன். சாலை அருமையாக இருந்தது. கொஞ்ச தூரத்தில் கடைகள் வந்தன, மாடிக் கட்டிடங்கள் வந்தன. பிறகு நடுச்சாலையில் ஆட்கள் வந்தார்கள். பழக்கதோஷம், ஹாரன் அடித்தேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“சார், பருத்திப்பட்டு வந்துட்டேனுங்க. இங்க கொஞ்சம் கூட்டமா இருக்குது.”

ஏகாம்பரம் மிக மெதுவாகக் கேட்டார்.

“எவ்ளோ கூட்டம்?”

“ஒரு முந்நூறு பேரு இருக்கும்ங்க.”

“நைனா,” என்றார் (‘தம்பி’ போய்விட்டது), “நம்ம ஊட்டாண்ட என் பொஞ்சாதி ஒருத்திதான் கீறா.”

நான் போய்ச் சேர்ந்திருந்தது அந்த விளையாட்டின் நகர மையம். கூட்டத்தைப் பார்த்து அவர்கள் வைத்திருந்த பெயர் கோயம்பேடு. அங்கே போகக் கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. கூரையில் ஏறிக் குதிக்காதே என்று யாரும் யாரிடமும் முன்கூட்டிச் சொல்வதில்லை அல்லவா, அந்த மாதிரி.

“திரும்பு! ஊட்டுப் பக்கம் வந்துடாதே! செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் ஓட்டு! அங்க போய் அதுங்கள சுத்த வுடு!”

“சரிங்க சார்!” ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறுகையால் கைபேசியில் தேடினேன். பருத்திப்பட்டிலிருந்து செம்பரம்பாக்கம் தென்மேற்கே. தென்மேற்கில் போன முதல் சாலையில் திருப்பினேன். பதற்றத்தில் என் சுண்டுவிரல் ஹாரன் பொத்தானிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. கடைகளுக்குள் இருந்த ஜாம்பிகளும் வெளியே வந்து, ஊர்வலத்தில் சேர்ந்துகொண்டார்கள்.

இரண்டு நிமிடம் கழித்து அத்தையின் குரல் கேட்டது. கவலையே இல்லாத குரல்.

“ஏங்க, தம்பி வந்துட்டாரு போல. வேலியாண்ட வண்டி தெரியுது. கூட யாரையோ கூட்டிகினு வராரு.”

“யாரை?”

“தெர்ல. நெறைய பேரு.”

விளையாட்டில் ஏரி கிழக்கே இருந்தது. தென்மேற்கே இருந்தது வீடு.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல என்னால் ஆகாது. வேலி போனது. வேலியை உடைத்தது ஜாம்பிகள் அல்ல, நான்தான். வேன் முட்டைக்கோஸ் பாத்தியின் நடுவே போய் நின்றது. “ஐயோ, நாளைக்கு அறுக்கலாம்னு இருந்தனே!” என்று அத்தை அலறினார். அப்போதுதான் வீடு வந்து சேர்ந்திருந்த ஏகாம்பரம் கோடாலியோடு ஓடிவந்தார். சுகன்யா பின்கதவு வழியாக அம்மாவை இழுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள். முந்நூறு பேரும் முள்ளங்கியை மிதித்தபடி உள்ளே வந்துகொண்டிருந்தார்கள்.

“சரவணன்!” சுகன்யா என் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. “நீங்க எந்த மேப்பைப் பாத்து ஓட்டினீங்க?”

என் காதுகள் சூடாகிவிட்டன. ஹெட்செட்டுக்குள் அவை வேகிற சத்தம்கூடக் கேட்டிருக்கும். இனிமேல் இழுக்க என்ன இருக்கிறது?

“போன்லங்க.”

“கேமுக்கு ஏது போன்ல மேப்பு?”

“கேம் மேப்பு இல்லீங்க. நிஜ பருத்திப்பட்டுக்கு வழி போட்டேன். எனக்கு இங்க வழி தெரியாதுங்க. இந்த கேமே தெரியாது. அன்னைக்கு மாடியில சும்மா சொல்லிட்டேன்.”

சொல்லி முடித்ததும் ஒரு விசித்திரம் நடந்தது. நெஞ்சிலிருந்து ஒரு அரிசி மூட்டையை யாரோ இறக்கிவைத்த மாதிரி இருந்தது. கல்யாணம் போனது போனதுதான். ஆனால் ஆசுவாசமாக மூச்சு வந்தது. இவ்வளவு சுகமான ஒரு வாக்கியத்தை முப்பத்தொரு வருடம் உள்ளேயே வைத்திருந்தேனே!

மறுமுனையில் பேருந்து கிளம்புவதுபோல் ஒரு உறுமல் தொடங்கியது. ஏகாம்பரம் சிரிக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. “நெச பருத்திப்பட்டு வழி! ஆவடி ரோட்ல வந்துகீறான்யா!” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கோடாலியைப் போட்டுவிட்டுச் சிரித்ததில் அவர் கையில் ஒரு கடி விழுந்தது. அதற்கும் சிரித்தார்.

“அப்பா, அப்புறம் சிரிங்க!” என்றாள் சுகன்யா. “சரவணன், வண்டி இன்னும் ஓடுதா?”

“ஓடுதுங்க.”

“ஹாரன் அடிச்சிகிட்டே வெளிய போங்க, எல்லாம் உங்க பின்னாடி வந்துடும். நான் ஊர் பேரே சொல்ல மாட்டேன். லெஃப்ட், ரைட் மட்டும்தான் சொல்லுவேன். சரியா? போனைக் கீழ வைங்க.”

போனைக் கீழே வைத்தேன். வேனைப் பின்னால் எடுத்தேன். (பின்னால் எடுப்பது எனக்கு நன்றாக வரும்.) “லெஃப்ட். நேரா. இன்னும் நேரா. ரைட்.” அவள் சொல்ல நான் ஓட்டினேன். என் பின்னால் முந்நூறு பேரும் முனகிக்கொண்டு வந்தார்கள். வீட்டு வாசல் காலியாவதை அத்தை மாடியிலிருந்து நேரடியாக வர்ணித்தார். ஏரிக்கரை வந்தது. அங்கே பெட்ரோல் தீர்ந்தது.

“இப்ப என்ன பண்றதுங்க?”

“இப்ப ஒன்னும் பண்ண முடியாது,” என்றாள். “ஆனா நல்லா ஓட்டினீங்க.”

என்னைத் தின்றார்கள். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு நிம்மதியாக நான் எதையும் பார்த்ததில்லை.

அன்று மாலை அவளே கைபேசியில் கூப்பிட்டாள். ‘மன்னிச்சிடுங்க’ என்று ஆரம்பித்தேன், விடவில்லை.

“நீங்க ஆடினதில்லன்னு மாடியிலயே தெரியும். இந்த கேம்ல லெவலே கிடையாது.”

“அப்புறம் எதுக்குங்க வேனைக் குடுத்தீங்க?”

“எப்ப ஒத்துக்குவீங்கன்னு பாத்துட்டு இருந்தோம். முந்நூறு பேரைக் கூட்டிட்டு வருவீங்கன்னு நாங்க நினைக்கல. இதுக்கு முன்னாடி வந்தவர், கல்யாணத்துக்கு அப்புறம் இதையெல்லாம் விட்டுடணும்னாரு. நீங்க பொய் சொல்லியாவது வந்து உக்காந்தீங்க.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “அம்மாக்குதான் ரொம்ப சந்தோஷம்.”

பின்னாலிருந்து அத்தை கத்தினார்: “ஆமாம்ப்பா! ரெண்டு பேரும் ஆட உக்காந்துட்டா, அந்த ஊட்ல அடுப்ப யாரு பத்த வெக்கிறதுன்னு பயந்துகினு கீறேன். நல்ல வேளை, உனுக்கு ஆட வரல!”

அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். ஏகாம்பரத்தின் கடிபட்ட ஆளும் போய்ச் சேர்ந்துவிட்டதால் அவர் புது ஆளோடு முதலிலிருந்து ஆரம்பித்தார். முட்டைக்கோஸ் மறுபடி போட்டார்கள். ஏரிக்கரையில் நின்ற வேனிலிருந்து சாப்பாட்டை மீட்டெடுக்க அப்பாவுக்கும் மகளுக்கும் ஐந்து ஞாயிறு பிடித்தது. சுற்றி நின்ற முந்நூறு பேரையும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினார்கள். ஒரே ஒருவனைத் தவிர.

அந்த விளையாட்டில் கடிபட்டுச் செத்தவன் எழுந்து ஜாம்பியாகத் திரிவான். நானும் எழுந்திருந்தேன். மஞ்சள் மழைக்கோட்டு, ஒற்றைச் செருப்பு, ஒரு பக்கம் சாய்ந்த தலை. கோடாலியை ஓங்கிய சுகன்யாவை ஏகாம்பரம்தான் தடுத்தாராம். “அடிக்காத, அது நம்ம மாப்ளே.”

எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருடமாகிறது. இன்னும் அவன் அங்கேதான் நிற்கிறான். மாமா மீன் பிடிக்க ஏரிப் பக்கம் போனால், அவனைத் தொடாமல் வண்டியை ஒதுக்கி ஓட்டிவிட்டு, “மாப்ளே நல்லா கீறாரு” என்று அத்தைக்குத் தகவல் சொல்கிறார். வீட்டுக்கு வரும் உறவினர்களைக் கணினி முன் உட்கார வைத்துக் காட்டுகிறார். இப்போது ஞாயிறு மதியங்களில் எல்லோருக்கும் டீ போடுவது என் வேலை.

போன வாரம் தாத்தாவின் மடியில் இருந்த எங்கள் மகள், ஒன்றரை வயது, திரையில் தள்ளாடி வந்த மஞ்சள் மழைக்கோட்டுக்காரனைப் பார்த்துக் கைதட்டி, “அப்பா!” என்று கூப்பிட்டாள்.

“என்னடா செல்லம்?” என்று நான் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தேன்.

யாரும் என் பக்கம் திரும்பவில்லை.