என் வீட்டுப் பூட்டுகளும் உன் மகளின் கம்ப்யூட்டரும்

சிதம்பரம்,
வெள்ளிக்கிழமை காலை

அன்புள்ள மச்சான் கார்த்திகேசனுக்கு, ராமாமிர்தம் எழுதிக்கொண்டது. இங்கே உன் அக்கா தில்லையம்மாளும் நானும் சுகம். கடலூரில் நீங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள். என் நிம்மதியைக் கெடுத்துவிட்டு உங்களுக்கு என்ன குறை?

உன் மகள் இளவரசி கம்ப்யூட்டரில் புதிர் விளையாட்டு செய்கிறாள் என்றபோது நானும்தான் பெருமைப்பட்டேன். முதலில் ஏதோ அரண்மனையை வைத்துச் செய்தார்களாம், விளையாடிப் பார்த்தவர்கள் கொட்டாவி விட்டார்களாம். அந்த நேரத்தில், போன மார்கழியில், ஆருத்ரா தரிசனத்துக்கு இங்கே வந்தவள் காப்பிக்குச் சர்க்கரை கேட்டாள். சர்க்கரை டப்பா அலமாரியில். அலமாரிச் சாவி பீரோவில். பீரோச் சாவி உளுந்து டின்னில். உளுந்து டின் ஸ்டோர் ரூமில், அதன் சாவி சுவாமி படத்துக்குப் பின்னால். தேர் பார்க்க வெளியூர்க் கூட்டம் நெரியும் ஊரில் வேறு எப்படி வைப்பது? முப்பத்தோரு வருடம் பண்டகசாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான், ஒரு குண்டூசி குறைந்ததில்லை. அரை மணி கழித்துக் காப்பி ஆறிப்போய்க் கைக்கு வந்ததும், "மாமா, இதான் மாமா கேமு!" என்று குதித்தாள். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

அடுத்த வாரமே கூடப் படித்த லூர்து பிரகாஷ் என்பவனோடு அளக்கிற டேப்பும் கேமராவுமாக வந்துவிட்டாள். வீட்டுப் பாதுகாப்பைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறார்கள் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். அவன் "சார், அடுத்த சாவி எங்க சார்?" என்று பயபக்தியோடு கேட்கக் கேட்க, ஒரு பூட்டு விடாமல் என் வாயாலேயே சொன்னேன். பஜ்ஜி வேறு போட்டுக் கொடுத்தோம் மச்சான், பஜ்ஜி!

இப்போது பார்த்தால் அந்த ஆட்டத்தில் ஆளே தெரிவதில்லை. ஆடுகிறவன் தன் கண்ணால் பார்ப்பதுபோல என் வீடு மட்டும் தெரிகிறது, முன்னால் இரண்டு கை. அந்தக் கையில் என் செப்பு மோதிரம்! பூட்டிய வீட்டிலிருந்து வெளியே போவதுதான் ஆட்டமாம். சும்மா ஆடிப் பாருங்கள் என்று நாலு பேருக்கு அனுப்பினாளாம். பரங்கிப்பேட்டையிலிருந்து துபாய் போனவன் அங்கே உட்கார்ந்துகொண்டு என் உளுந்து டின்னில் கையை விடுகிறான். அதாவது போகட்டும். "எந்த மனுசனும் இப்பிடிச் சாவி வெக்க மாட்டான்" என்று சிலர் எழுதினார்களாம். உடனே உன் மகள் இரண்டு சாவியை எடுத்துவிட்டு ஆட்டத்தை எளிதாக்கிவிட்டாள். என் வீட்டை எளிதாக்க இவள் யார்?

காலேஜ் பிள்ளைகள் மூன்று மணி நேரம் திணறுவதை உன் அக்கா தன் போனில் ஒன்பது நிமிடத்தில் முடித்தாள். முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "இந்த வூட்ட வுட்டு ஒம்போது நிமிசத்துல வெளிய போயிடலாம்னு இத்தினி வருசமாத் தெரியாமப் போச்சே" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான்தான் எழுந்து போய் வாசல் பூட்டை இழுத்துப் பார்த்தேன், அதை உன்னிடம் மறைப்பானேன்.

நேற்று மத்தியானமே ஏழு சாவியையும் ஏழு புது இடத்தில் வைத்துவிட்டேன். உன் அக்காவுக்கும் சொல்லவில்லை. இருந்தாலும், வருகிற பொங்கலுக்கு வெளிவரப்போகும் அந்த ஆட்டத்தை இளவரசி உடனே நிறுத்தியாக வேண்டும். நிறுத்தும்வரை அவள் என் வாசற்படி மிதிக்கக் கூடாது.

தங்கச்சிக்கு என் அன்பு. உன் சின்ன மகனுக்கு ஆசீர்வாதம். இளவரசிக்கு மட்டும் ஆசீர்வாதத்தை நிறுத்திவைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ராமாமிர்தம்

பின்குறிப்பு: வாசல் கதவுச் சாவியை எங்கே வைத்தேன் என்று விடிந்ததிலிருந்து ஞாபகம் வரவில்லை. உன் அக்கா மறுபடி ஆடக் கூடாதென்று இரண்டு போனையும் பீரோவில் வைத்துப் பூட்டினேன், அந்தச் சாவியும் அகப்படவில்லை. கடலூருக்குக் கிளம்பிய பக்கத்து வீட்டுச் சிங்காரத்திடம், கல்யாண விஷயம் என்று சொல்லி, ஜன்னல் வழியாக இதைக் கொடுத்தனுப்புகிறேன். உண்மை தெரிந்தால் தெருவே கூடிவிடும். உன் அக்கா நாற்காலி போட்டு உட்கார்ந்து, "என் ஆட்டம் முடிஞ்சிது, இனிமே நீங்க ஆடுங்க" என்கிறாள். இளவரசியை அடுத்த பஸ்ஸிலேயே அனுப்பிவை. நான் சாவி வைக்கும் தினுசு அவளுக்குத்தான் அத்துப்படி, வந்து எங்களை வெளியே விட்டால் போதும். பொங்கல் வரைக்கும் எதற்கு, தீபாவளிக்கே வெளியிடட்டும்.