ஆறாம் கேள்விக்கு ஒரு மார்க்

"மேடம், இந்தக் கூத்தைக் கேளுங்க!" என்று விடைத்தாளைத் தூக்கிப் பிடித்தார் சவுரிராயன்.

திண்டிவனத்தில் ஒரு தனியார் கல்லூரியின் விலங்கியல் துறை. 2012. மாதத் தேர்வுக்கு ஆறு கேள்விகள், திருத்த ஆறு பேர். ஆளுக்கு ஒரு கேள்வி, கேள்விக்கு ஒரு பக்கம். அடுத்தவர் பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. பார்த்தால் படிக்க வேண்டி வருமே! கூட்டல் மட்டும் அட்டெண்டர் பச்சைமுத்து.

மற்ற ஐவரும் திருத்திவிட்டுப் போய்விட்டார்கள். எதிரில் இருந்தது பத்து நாள் முன்பு வேலைக்குச் சேர்ந்த பானுப்ரியா.

"ஆறாவது கேள்வியில, வயசு வந்த பொம்பளைக்குச் சூலகத்துல புது முட்டை உருவாகுமான்னு கேட்டிருக்கேன். உருவாகாது. பொறக்கும்போதே இருக்குறதுதான் சரக்கு. இந்த டயானா என்னா எழுதியிருக்குது பாருங்க. 'இது விவாதத்தில் உள்ளது'! எங்க விவாதம் பண்ணாங்களாம்? ஓமந்தூர் டவுன் பஸ்ஸுலயா?"

சிவப்பு மையில் பெரிய முட்டையாகப் போட்டார்.

"சார், அந்தப் பொண்ணு எழுதினது சரிங்க."

"என்னது?"

"எலிக்குப் புது முட்டை உருவாகுதுன்னு எட்டு வருஷம் முன்னாடி ஒரு கூட்டம் சொன்னாங்க. மனுஷ சூலகத்துலயும் அப்படி ஸ்டெம் செல் இருக்குதுன்னு இந்த வருஷம் எழுதியிருக்காங்க. நாங்களும் தேடினோம், கிடைக்கலைன்னு இன்னொரு கூட்டம். உலகம் பூராவும் சண்டை நடந்துக்கினு இருக்குது சார்."

 சவுரிராயன் படிப்பதை நிறுத்தியது 1993இல். சொல்லிக் கொடுப்பதைத்தான் இன்னும் நிறுத்தவில்லை. வெள்ளிக்கிழமை புதிய துறைத் தலைவரை முதல்வர் நடராசன் அறிவிக்கப் போகிறார். சரியான பதிலுக்குப் பூஜ்யம் போட்டவர் என்று வெளியே தெரிந்தால் அந்த நாற்காலி அதே துறையில் இருக்கும் மாசிலாமணிக்குப் போய்விடும். அந்த ஆள் உட்கார்ந்து இவர் நின்றுகொண்டு லீவு கேட்பதா? அதை நினைக்கவே அவரால் முடியவில்லை.

டயானாவைக் கூப்பிட்டனுப்பினார்.

"இதை எங்கம்மா படிச்சே?"

"எங்கயும் படிக்கல சார்."

"அடக்கத்தைப் பாருங்க மேடம்! எப்படிம்மா எழுதினே?"

"ஹால்ல தோணுச்சு சார்." பிள்ளை வாசல் பக்கம் நகர்ந்தது.

"தானா தோணியிருக்குது!" என்று பூஜ்யத்தை அடித்து ஒன்று போட்டார். அத்தோடு விட்டாரா? வகுப்பில் போய்ப் பெருமையாகச் சொன்னார். வந்தது வினை.

"சார், நீங்க சொல்லித்தானே 'உருவாகாது'ன்னு எழுதினோம்? அதுக்கு மார்க் உண்டா இல்லையா?" என்றது ஒரு கூட்டம்.

"உண்டு, உண்டு."

"'உருவாகும்'னு எழுதினவங்க என்னா பாவம் பண்ணோம் சார்?"

அவர்களுக்கும் போட்டார். அப்போது கடைசி பெஞ்சு ஜூட் எழுந்தான்.

"ஒண்ணும் எழுதாதவங்களுக்கு சார்? உலகத்துக்கே தெரியாததை எங்களுக்கும் தெரியலைன்னு நேர்மையா விட்டுட்டோம்."

அவர்களுக்கும்தான் போட்டார். தேர்வுக்கு வராத இரண்டு பேர் மட்டும் பாக்கி. அவர்களும் சாயங்காலம் வந்து நின்றார்கள்.

மறுநாள் முதல்வர் அழைத்தார். "என்னய்யா இது, பரீட்சைக்கே வராதவனுக்கு மார்க் போட்டுக்கினு இருக்கீங்களாமே! வெக்கமா இல்ல?"

தப்பிக்க ஒரே வழிதான் தெரிந்தது சவுரிராயனுக்கு. டயானாவைப் பிடித்துக்கொண்டார்.

"மார்க்கை விடுங்க சார். உலக விஞ்ஞானிங்க அடிச்சிக்கிற விஷயத்தை ஒத்த வரியில எழுதின புள்ளை நம்ம காலேஜ்ல இருக்குது. எல்லாம் நான் கொடுத்த பயிற்சி!"

நடராசன் முகம் மலர்ந்துவிட்டது. கல்லூரிக்குப் பேர் வருகிறதென்றால் அவருக்கு மற்றதெல்லாம் தூசு. "அப்படிச் சொல்லுங்க! வெள்ளிக்கிழமை பாராட்டு விழா வெச்சிடுவோம். விழுப்புரத்துலேர்ந்து பத்திரிகைக்காரங்களைக் கூப்பிடறேன். அந்த விடைத்தாளை ஃபிரேம் போட்டு மேடையில மாட்டிடுங்க. துறைத் தலைவர் நீங்கன்னு அங்கேயே அறிவிச்சிடறேன்."

வெள்ளிக்கிழமை வந்தது. டயானாவின் அம்மா லூசியா பட்டுப்புடவையில் முதல் வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பொண்ணு பக்கத்தில் குனிந்த தலை நிமிரவில்லை. பத்திரிகைக்காரர்கள் நான்கு பேர் கேமராவோடு நின்றார்கள். சவுரிராயன் கழுத்தில் மாலை. துறைத் தலைவர் என்று முதல்வர் சொல்லி முடித்ததும் கைதட்டல் ஓயவில்லை.

"எங்கய்யா ஃபிரேம்? ஜல்தி கொண்டா!" என்று மைக்கிலேயே கத்தினார் சவுரிராயன்.

பச்சைமுத்து ஒரு கையில் வெறும் ஃபிரேமும் மறு கையில் விடைத்தாளுமாக மேடையேறி, அதே மைக்கருகே வந்து பணிவாகக் கேட்டான்:

"எந்தப் பக்கத்தைங்க சார் மாட்டறது? தவளைக்கு எத்தினி காலுங்கிறதுலேர்ந்து ஆறு கேள்விக்கும் பாப்பா 'இது விவாதத்தில் உள்ளது'ன்னேதான் எழுதியிருக்குது!"