மாமாவை வழியனுப்பிய ஜீப்

சாவியைத் திருப்பினால் ஜீப் கர்ரென்று சுற்றியது. ஆனால் பிடிக்கவில்லை. இந்திரகுமார் மறுபடி திருப்பினான். மறுபடியும் அதே கதைதான்.

"என்னா மாப்பிள்ள, கெளம்புவமா?" என்றார் பக்கத்து சீட்டில் குளித்து முழுகி உட்கார்ந்திருந்த மாமனார் நாகமுத்து.

"இந்தா மாமா, ஒரு நிமிசம்."

இந்த ஒரு நிமிடத்துக்காக இந்திரகுமார் மூன்று மாதம் காத்திருந்தான். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். மாத்தளைக்கு அப்பால் நாலந்தாவில் தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்ற நாகமுத்துவுக்கு அந்தக் கணக்கு தெரியாது. இரத்தோட்டையில் மகள் வீட்டுக்கு வந்த அன்றே டீவிக்கு எதிரே இருந்த ஒரே சாய்வு நாற்காலியைப் பிடித்தார். இந்திரகுமார் கிரிக்கெட் பார்க்க நினைக்கும் நேரமெல்லாம் அவருக்கு சீரியல். அதிகாலை நாலரைக்கு அவர் ரேடியோவைப் போட்டால், அதைக் கேட்டுத்தான் அக்கம்பக்கத்துச் சேவல்கள் எழும்பின.

அப்படிப்பட்டவர் நேற்றுச் சாப்பிடும்போது தானாகவே சொன்னார், "நாளைக்கு நாலந்தாவுக்குப் போகணும் மாப்பிள்ள. ஜீப்ப எடுப்பமா?"

இந்திரகுமாருக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை. இன்று பின்னேரம் மேட்ச். அவரை விட்டுவிட்டு வந்து, அந்த நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு பார்ப்பது என்று முடிவே கட்டிவிட்டான்.

பத்தாவது தடவை திருப்பியபோது ஜீப் டிக் என்றது. பதினோராவது தடவை அதுவும் இல்லை. பெட்டரி படுத்துவிட்டது.

"ரமேஸோட த்ரீவீல கூப்பிடவா மாமா? பத்து நிமிசத்துல வந்துருவான்."

"த்ரீவீல் சரிவராது. ஜீப்புதான் வேணும். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

அவசரமெல்லாம் இந்திரகுமாருக்குத்தான். மாமா ஜீப்பில் போய் இறங்கி ஊருக்குள் பெருமை காட்ட நினைக்கிறார், போகிற மனுஷன், ஆசைப்பட்டுவிட்டுப் போகட்டும் என்று மனம் இளகினான்.

மனைவி சந்திரகாந்தா விளக்குமாறோடு வாசலுக்கு வந்தாள். "என்னங்க, அப்பா விஷயமா ஒண்ணு சொல்லணும்."

"போய்ட்டு வந்து கேக்குறேன் சந்திரா."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்திருந்தான். அவளோ காலையிலிருந்து பின்னறையைக் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தாள். சில பேர் துக்கத்தை இப்படித்தான் தாங்கிக்கொள்வார்கள் போலும்.

பக்கத்து வீட்டு மிளகு வியாபாரி பஸ்லி, லொறியோடும் வயரோடும் வந்தான். பொனட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "பெட்டரி முனையெல்லாம் வெள்ளையா பூத்திருக்கே மச்சான்" என்று சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவினான். கழுவியதோடு விட்டிருக்கலாம். ஸ்பெனரால் ஒரு சுற்று கூடுதலாக முறுக்கினான், முனையைப் பிடித்திருந்த கவ்வி உடைந்தது. அதைக் கம்பியால் கட்டி, லொறி பெட்டரியிலிருந்து கரண்ட் கொடுத்தார்கள். தெருவே அதிர ஜீப் சுற்றியது. பிடிக்கவில்லை.

"டீசல் வரல்ல மச்சான். லைன்ல எயார் நிக்கிது."

லைனில் புகுந்த காற்றை வெளியேற்ற, பஸ்லி ஃபில்டரின் மேலிருந்த சிறு திருகாணியைத் தளர்த்தினான். இந்திரகுமார் குனிந்து பார்த்துக்கொண்டே கைப்பம்பை அமுக்கினான். எயார் வந்தது. அதன் பின்னால் வந்த டீசல் முழுவதும் அவனுடைய வெள்ளைச் சட்டையில் இறங்கியது. அந்தக் களேபரத்தில் ஆணியைக் காணவில்லை. இருவரும் அரை மணி நேரம் ஜீப்புக்கு அடியில் படுத்துத் தேடினார்கள். அது பஸ்லியின் சட்டைப் பையில் பத்திரமாக இருந்தது.

"தள்ளுவம்" என்றான் பஸ்லி. "எறக்கத்துல விட்டா எந்த ஜீப்பும் வழிக்கு வந்துரும்."

ஜீப்போ சுவரைப் பார்த்து நின்றது. முதலில் அதைத் திருப்ப வேண்டும்.

"பாரமா இருக்கே மாப்பிள்ள, பின் சீட்டக் கழட்டி வச்சிட்டா என்னா?" என்றார் நாகமுத்து, முன் சீட்டை விட்டு அசையாமல்.

நீங்கள் இறங்கினாலே லேசாகிவிடும் என்று வாய் வரை வந்ததை இந்திரகுமார் விழுங்கினான். சீட்டைக் கழற்றி வைத்தார்கள். பஸ்ஸுக்கு நின்ற ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து தள்ளினார்கள். ஜீப் இறக்கத்தில் ஓடியது. கியரில் போட்டு கிளட்ச்சை விட்டதும் குலுங்கியது, விக்கியது, பிறகு மாத்தளை பஸ்ஸுக்குக் குறுக்கே போய் அமைதியாக நின்றது.

பஸ் ஹோர்ன் அடித்தது. கண்டக்டர் இறங்கி வந்து ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஐயா, அந்தப் பைய எதுல மாட்டியிருக்கீங்க?"

"இந்தக் குமிழ்ல" என்றார் நாகமுத்து, டேஷ்போர்டில் தொங்கிய தன் வெற்றிலைப் பையைத் தொட்டு. "உள்ளுக்கு இருந்தா பை நிக்கிதில்ல. அதான் நல்லா வெளிய இழுத்து மாட்டுனேன்."

அது இன்ஜினை நிறுத்துகிற குமிழ். அதை இழுத்து வைத்தால் இன்ஜினுக்குள் ஒரு சொட்டு டீசல் போகாது. பம்பை அமுக்கினாலும் சரி, ஊரே திரண்டு தள்ளினாலும் சரி.

பஸ்லி ரோட்டோரத்தில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இந்திரகுமாருக்குக் கோபமே வரவில்லை. போகிறவரிடம் என்ன கோபம்? பையை எடுத்து மாமாவின் மடியில் வைத்து, குமிழை உள்ளே தள்ளினான். பஸ்ஸில் இருந்தவர்களும் இறங்கித் தள்ளினார்கள். பத்தடி போவதற்குள் ஜீப் கரும்புகை கக்கிக்கொண்டு உறுமியது. எல்லோரும் கைதட்டினார்கள்.

வழி நெடுக அவன் பாடிக்கொண்டே ஓட்டினான். மாத்தளை டவுனில், இன்ஜினை ஓடவிட்டபடியே இறங்கி ஒரு கூடை ரம்புட்டான் வாங்கி வந்தான்.

"இதெல்லாம் எதுக்கு மாப்பிள்ள?"

"இருக்கட்டும் மாமா. ஒங்க வீட்டுல வச்சு ஆறுதலா சாப்பிடுங்க."

நாகமுத்துவின் கண் கலங்கிவிட்டது. "இப்பிடி ஒரு மனசு யாருக்கு வரும்? நீங்க என்னா சொல்லுவீங்களோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். சந்திரா குடுத்து வச்சவ."

இவ்வளவு நல்ல மனுஷனைப் போய் மனதுக்குள் திட்டினோமே என்று இந்திரகுமார் வெட்கப்பட்டான். வெட்கம் வந்ததே தவிர, வேகத்தைக் குறைக்கவில்லை.

நாலந்தாவில் மாமாவின் வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்தியபோது மணி ஒன்றரை. மாமாவை இறக்கிவிட்டு அப்படியே திரும்பினால் மேட்ச் தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் நாற்காலியில் சாய்ந்துவிடலாம். இன்ஜினை நிறுத்தாமல் குதித்து இறங்கி, மாமாவின் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்தான். அப்போது வீட்டுக்குள்ளிருந்து, கையில் குழந்தையோடு முன்பின் தெரியாத ஒருவன் சிரித்தபடி வந்தான்.

"நீங்க யாரு?" என்றான் இந்திரகுமார்.

"வாடகைக்கு வந்திருக்கோம் சேர். ஐயாவோட கட்டில், அலுமாரி, பெரிய டீவி எல்லாத்தையும் கட்டி வச்சிட்டோம், இந்த ஜீப்புல ஒரே ட்ரிப்புல ஒங்க வீட்டுக்குக் கொண்டு போயிரலாம்."